முளை 417

குடிநீர்க் குழாய் போகவிருக்கும் கோட்டில்
நானூற்றுப் பதினேழாவது முளைக்குச்
சுத்தியலை ஓங்கினேன்.
தஹானி அரபியில் "நில்" என்றாள்.

மசாஃபிக்கு மேற்கே சரளை வெளி.
பிப்ரவரிதான், ஆனாலும்
பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கியிருந்தது.
என் பூட்ஸ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி
சாம்பல் நிறத்தில் ஏதோ.
துடைப்பத்திலிருந்து உதிர்ந்த ஈர்க்குகள் என்று நினைத்தேன்.
உச்சியில் பூ மட்டும் இல்லையென்றால்
அப்படியே நினைத்து முடித்திருப்பேன்.

அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள்,
சரளை மேலேயே, வெள்ளைச் சட்டையோடு.
கண்ணில் பத்து மடங்கு லென்ஸ்.
கையில் ஒரு புத்தகம். அதில் படமே கிடையாது,
வெறும் கேள்விகள்.
இதழ் நான்கா? ஆம் என்றால் ஒன்பதுக்குப் போ.
இல்லை என்றால் இருபத்திரண்டு.
விசா அலுவலகத்தில் டோக்கனோடு
கவுண்டர் கவுண்டராக நடந்தவனுக்கு
இதில் புதிதாக ஒன்றுமில்லை.

இதழ் நான்கு, சிலுவையாக.
டீ சிந்தித் துவைத்த பனியனின் நிறம்.
உள்ளே மகரந்தத் தாள் ஆறு:
நான்கு நெட்டை, இரண்டு குட்டை.
"கடுகுக் குடும்பம்" என்றாள்.
நம்பவில்லை நான்.
கேம்ப் மெஸ்ஸில் எண்ணெயில் குதித்துச்
சமையல்காரன் முழங்கையைச் சுடுகிற கடுகா?
ஓர் இலையைக் கிள்ளித் தந்தாள். மென்றேன்.
முதலில் தூசி.
அப்புறம் உப்பு.
அப்புறம் மூக்கின் அடிவரைக்கும் ஓர் ஊசி.
பழமொழி நாக்கு நுனிக்கு வந்தது;
அரபியில் சொல்லத் தெரியாமல்
இலையோடு விழுங்கினேன்.

லென்ஸை என்னிடம் நீட்டினாள்.
இலைமேல் வெள்ளி மயிர்கள்.
ஒவ்வொன்றும் நடுவில் மட்டும் பதிந்து
இரு முனையும் கூராகப் படுத்திருந்தது.
திசைகாட்டி முள்! என் தொழில் சாமான்,
ஆயிரக்கணக்கில்.
ஒன்றுகூட வடக்கைக் காட்டவில்லை.

பிக்கப்பிலிருந்து குல் ஜமான் இறங்கி வந்தார்.
பெயரிலேயே பூ வைத்திருப்பவர்.
ஒரு பார்வை பார்த்தார்.
"காஸ்" என்றார். புல்.
திரும்பிப் போய் ஏசி போட்டுக்கொண்டார்.

அடுத்த கேள்வி:
ஒரு பருவச் செடியா, பல பருவமா?
தோண்டி வேரைப் பார்த்தால் தெரியும் என்றேன்.
"தோண்டிய பிறகு
எத்தனை பருவம் என்று எதற்குக் கேட்பது?"
விரலால் புதுத் தண்டுகளை விலக்கினாள்.
போன வருடத்துக் குச்சி, வெளுத்து.
அதற்கும் கீழே, அதற்கு முந்தைய வருடத்தின் கட்டை,
ஆடு கடித்த வெட்டோடு.
ஜூலையைப் பார்த்த கட்டை அது.
இங்கே ஜூலை என்றால் என்னவென்று
இரண்டிரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டுப்
பதினொரு வருடம் கண்டவன் நான்.
பல பருவம் என்று எழுதினாள்.

கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம்.
காயினுள் விதை ஒரு வரிசையா, இரண்டா?
காய் எங்கே இருக்கிறது?
பூவுக்கடியில் நகக்கண் அளவு பச்சைப் பிஞ்சு.
முற்ற மூன்று வாரம் ஆகும்.
அறிக்கையோ வியாழக்கிழமை.
முதல் பெயரை எழுதினாள்.
இரண்டாம் பெயருக்கு இடம் விட்டுப்
பேனாவை மூடினாள்.
எழுந்தபோது சட்டையெல்லாம் சரளையின் அச்சு.

முளை மூன்று சென்டிமீட்டர் விலகலாம்.
அதற்குமேல் என்றால் நான் பதில் சொல்ல வேண்டும்.
நாற்பது தள்ளி அடித்தேன்.
தோண்டும் இயந்திரத்தின் வாய் ஒரு மீட்டர் அகலம்,
அது தெரியாதவன் இல்லை.
அதனால் படிவத்தில்
நானூற்றுப் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
இதையும் எழுதினேன்:
அளவு சரியில்லை. மறுபடி பார்க்க வேண்டும்.
மூன்று வாரம் கழித்து.